பதினாறு வருஷத் தேனும் ஒரு கேள்வியும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

உங்களில் ஒருவர் போன கிழமை தொலைபேசியில் கேட்டார். "சேர், பத்து இருபது வருஷம் வைச்சாலும் கெடாத சாப்பாட்டுச் சாமான் எதெது? ஒரு லிஸ்ட் அனுப்புவீங்களோ?" உடனே அனுப்பினேன். உப்பு. சீனி. தேன். வினாகிரி. நன்றாகக் காய்ந்து, காற்றுப் புகாமல் கட்டிய வெள்ளைப் பச்சையரிசி. உப்புப் போட்டுப் பிசைந்து வைத்த பழம்புளி. ஆறே ஆறு வரி.

அனுப்பி முடிந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் என் முப்பத்துச் சொச்ச வருஷச் சேவையின் மிகப் பெரிய பிழையை நான் செய்தது, இதே ஆறு வரியையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டுதான். லிஸ்டில் ஒரு பிழையும் இல்லை. அதை வைத்திருந்த ஆளில்தான் பிழை. ஆகவே லிஸ்ட் கேட்டவருக்கு லிஸ்ட் மட்டும் போய்ச் சேர்ந்தால் காணாது, அதன் பின்னால் இருக்கிற கதையும் போய்ச் சேர வேண்டும் என்று இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் கிளிநொச்சிப் பக்கம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன். முகத்துக்கு முன்னால் சனம் "பி.எச்.ஐ. ஐயா" என்று கூப்பிடும். முதுகுக்குப் பின்னால் எனக்கு வேறு பெயர்: "நக்கிப் பாக்கிற ஐயா". எதையும் மணந்து, தொட்டு, கடைசியில் நாக்கிலும் வைத்துப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு பரிசோதனை கிடையாது. நீங்கள் பழகவும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

ஓய்வு பெறுவதற்குப் பத்து மாதம் இருந்தது. ஸ்கந்தபுரத்தில் புஷ்பமக்கா என்று ஒருவர். அவருடைய கணவர் ஆறுமுகத்தார். ஒரே மகள் நிலானி. ஊரை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்து போன நேரம், புஷ்பமக்கா தங்கள் வளவுக்குள் ஒரு நீலப் பரலை, பெரிய பிளாஸ்டிக் பீப்பாயை, புதைத்துவிட்டுப் போனவர். அந்தக் காலத்தில் எல்லோரும் எதையாவது புதைத்தோம். சிலர் நகை, சிலர் தையல் மெசின், எங்கள் வீட்டில் ஒரு கதிரையைக்கூடப் புதைத்தோம். புஷ்பமக்கா சாப்பாட்டைப் புதைத்தார். திரும்பி வந்து அடுப்பு மூட்டும் நாளில் கடைகளில் ஒன்றும் இருக்காது என்பது அவருடைய கணக்கு. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, பொலித்தீனால் மூன்று சுற்றுச் சுற்றி, பெரிய முதிரை மரத்திலிருந்து கிழக்கே ஏழு அடி தள்ளி, தன் கையாலேயே மண்ணை மூடினார்.

திரும்பி வந்தபோது முதிரையைக் காணவில்லை. மாட்டுக்கொட்டிலும் இல்லை, வேலியும் இல்லை. எங்கே நின்று ஏழு அடி அளப்பது? வருஷக்கணக்காக மண்ணைக் கிண்டினார். கத்தரி நடுகிறேன் என்று கிண்டினார், மிளகாய் நடுகிறேன் என்று கிண்டினார். மிளகாய்க்கு ஏனக்கா மூன்றடிக் குழி என்று ஊர் சிரித்தது. பரல் கிடைக்கவில்லை. ஆனால் அப்படி மண்ணைக் கிண்டிப் புரட்டியதால் ஸ்கந்தபுரத்திலேயே அவர் வீட்டுக் கத்தரிக்காய்க்கு ஈடில்லை. நானே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

அவர் தேடியது உப்பையும் புளியையும் அல்ல. பரலுக்குள் தேன் இருந்தது. ஆறுமுகத்தார் காட்டில் மரப்பொந்துத் தேன் எடுப்பதில் வல்லவர். அவர் ஏறி எடுத்த கடைசித் தேன் அது. அதற்கு அடுத்த மாதம் மிதிவெடியில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது பொய்க்காலுடன் வயலுக்குப் போகிறார், சைக்கிள் ஓடுகிறார், மரம் மட்டும் ஏறுவதில்லை. நிலானிக்கு அப்போது பதினொரு வயது. "இது பிள்ளையின்ர கலியாணத்துக்கு. பால்பழத்தில இந்தத் தேன்தான் விடவேணும்" என்று தாயும் தகப்பனும் ஒதுக்கி வைத்தார்கள். அதனால்தான் அப்படிக் கிண்டினார்.

பதினாறு வருஷம் கழித்து நிலானிக்குக் கலியாணம் சரிவந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். ஞாயிற்றுக்கிழமை பந்தலுக்குக் கால் நடக் குழி தோண்டினார்கள். அலவாங்கு மண்ணுக்குள் போய் "டொக்" என்றது. எங்கள் பக்கத்தில் மண் "டொக்" என்றால் ஒருவரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். அலவாங்கு ஒரு பக்கம் கிடக்க, எல்லோரும் தெருவுக்கு ஓடினார்களாம். பொய்க்காலோடு முதலில் படலையைத் தாண்டியவர் ஆறுமுகத்தார்தான் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். எல்லோரும் வெளியே ஓட, ஓராள் மட்டும் உள்ளே ஓடினார். குழிக்குள் துளி நீலம் தெரிந்ததைப் புஷ்பமக்கா கண்டுவிட்டார்.

பரல் வெளியே வந்தது. கூடவே வில்லங்கமும் வந்தது.

மாப்பிள்ளையின் தாய், பூவரசங்குளத்து மங்கை ரீச்சர். ஓய்வு பெற்ற ஆசிரியை. கலியாண வேலைகளுக்காக ஒரு கிழமை முந்தியே வந்து, ஸ்கந்தபுரத்தில் இரண்டு ஒழுங்கை தள்ளித் தங்கை வீட்டில் நின்றார். செய்தி கேட்டதும் எழும்பி வந்து, "பதினாறு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்ததை என்ர பிள்ளையின்ர வாயில வைக்க விடமாட்டன்" என்று சொல்லிவிட்டார். புஷ்பமக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தேன் கெடுமோ சம்மந்தியம்மா?" என்று கேட்டார். "அதை நீங்களும் நானும் சொல்லேலாது. பி.எச்.ஐ.யைக் கூப்பிடுங்கோ" என்றார் ரீச்சர். சம்மந்திமார் இருவரும் அதற்குப் பிறகு முகம் பார்த்துக் கதைக்கவில்லை. மாலை மாற்ற முந்தியே இப்படியென்றால் மகள் அந்த வீட்டில் எப்படி வாழப் போகிறாள் என்று ஆறுமுகத்தாருக்குக் கலக்கம். அவர்தான் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

திங்கட்கிழமை காலை என் மோட்டார் சைக்கிள் அந்தப் படலைக்குள் நுழைந்தபோது வளவு நிறையச் சனம். மாமரத்துக்குக் கீழே மேசை, எனக்கு ஒரு கதிரை. ஒரு பக்கம் பெண் வீடு, மறுபக்கம் ரீச்சர் தனியாக. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று மறைக்காமல் சொல்கிறேன். சேவைக் காலம் முழுக்கக் கடைக்காரரிடம் ஏச்சு வாங்கிய மனிதனுக்கு, ஒரு ஊரே வாயைத் திறந்துகொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தால் எப்படி இருக்கும்?

ஒவ்வொன்றாக எடுத்தார்கள். உப்பு, ஆனையிறவு உப்பு, பாறையாக இறுகியிருந்தது. "நல்லது. இடிச்சுப் பாவியுங்கோ." சீனியும் ஒரே கட்டி. "நல்லது." புளி, உப்புப் போட்டு மண்முட்டியில் அடைத்தது, தாராகக் கறுத்திருந்தது. மணந்தேன், தொட்டேன், நாக்கில் வைத்தேன். என் காது இரண்டும் கூசின. "அருமை." சனம் கை தட்டியது. புழுங்கலரிசி காறல் மணம். "மாட்டுக்கும் வேண்டாம்." பனங்கட்டி கரைந்து புளித்துப்போயிருந்தது. "குழிக்குள்ள." நல்லெண்ணெய் காறிப்போயிருந்தது. "குழிக்குள்ள." தகரத்தில் அடைத்த மீன்ரின் மூன்று. இரண்டு வயிறு ஊதியிருந்தன. "ஐயா, மற்றது ஊதயில்லை, அதை மட்டும்…" என்று பக்கத்து வீட்டுக்காரர் இழுத்தார். "நீர் குழிக்குள்ள போகவேணுமெண்டால் திறவும்" என்றேன். சிரிப்பு.

கடைசியாகத் தேன். நாலு லீற்றர் வெள்ளைப் பிளாஸ்டிக் கான் ஒன்றில், கழுத்து வரை. மூடியைத் திறந்தவுடன் வளவு முழுக்கப் பாலைப்பூ வாசம். அடியில் சீனி பிடித்திருந்தது. அதைக் கெட்டுப்போன அடையாளம் என்று நினைத்துவிடாதீர்கள், நல்ல தேனும் அப்படிக் கட்டியாகும். மேலே கறுப்பு, நடுவில் சிவப்பு. ஒரு விரல் விட்டேன். பிறகு, நிச்சயப்படுத்த என்று சொல்லிக்கொண்டு, இன்னொரு விரல்.

எழும்பி நின்று ஒரு பேச்சே கொடுத்தேன். "தேன் கெடாது. பதினாறு வருஷமில்லை, அறுபது வருஷம் போனாலும் கெடாது. நான் உத்தரவாதம்." சொன்னதோடு நின்றேனா? ரீச்சரின் முகம் இன்னும் இறுகியிருந்ததால், "ஒருக்கா நாக்கில வைச்சுப் பாருங்கோ ரீச்சர்" என்று வற்புறுத்தி அவரையும் நக்க வைத்தேன். அவரின் கண் கொஞ்சம் விரிந்ததை எல்லோரும் கண்டோம். புஷ்பமக்கா நக்கினார், ஆறுமுகத்தார் நக்கினார், பக்கத்து வீட்டுக்காரர் நக்கினார், பந்தல்காரர் நக்கினார்கள். நிலானி மட்டும் தொடவில்லை. "நான் கலியாணத்தண்டைக்குத்தான்" என்று சொல்லி வெட்கப்பட்டாள். தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையோடு வீட்டுக்குப் போய் மனிசியிடம் மூன்று தரம் கதை சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கமான தேத்தண்ணிக் கடை. முதல் வாய் குடித்திருப்பேன். ஒரு கமக்காரர் வயலுக்கு மருந்தடிக்கப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தினார். முதுகில் மருந்தடிக்கும் தாங்கி. பின் கரியரில் ஒரு வெள்ளைக் கான் கட்டியிருந்தது. நாலு லீற்றர். குட்டைக் கழுத்து. பக்கவாட்டில் மூன்று வரம்பு. உள்ளே பொள்ளலான கைப்பிடி, கானின் உடலோடேயே சேர்ந்தது.

கோப்பையை வைத்துவிட்டு எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அதே கான். நேற்று நான் அணைத்துப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்த கானின் அதே அச்சு.

தம்பிமாரே, தங்கைமாரே, நான் அந்தக் காலத்து ஆள். பொருளாதாரத் தடை இருந்த வருஷங்களில் எங்கள் பகுதியில் ஒரு வெறும் போத்திலுக்கு இருந்த மதிப்பு எனக்குத் தெரியாதா? ஒன்றையும் எறியமாட்டோம். மருந்துக் கானைச் சாம்பலாலும் மண்ணாலும் தேய்த்துக் கழுவி, மண்ணெண்ணெய்க்கு வைப்போம், தண்ணிக்கும் வைப்போம். என் வீட்டிலேயே வைத்தோம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பரிசோதகர் இதை மறந்திருந்தால் மன்னிக்கலாம். நான் சாமானைப் பார்த்தேன், வாசத்தைப் பார்த்தேன், சனத்தின் முகத்தைப் பார்த்தேன். அது இருந்த பாத்திரத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தேன் தானாகக் கெடவே கெடாது. ஆனால் கானில் எது ஊறிக் கிடந்ததோ அது பதினாறு வருஷமாகத் தேனோடு சேர்ந்து இருந்திருக்கும்.

மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. போகிற வழியெல்லாம் பயம். நக்கியவர்களை நினைத்துப் பயம். அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் பெயரை நினைத்தும் பயம். ஓய்வுக்குப் பத்து மாதம் இருக்கையில் "கலியாண வீட்டுக்கு நஞ்சு குடுத்த பி.எச்.ஐ." என்று பெயர் வாங்குவதா?

புஷ்பமக்காவைக் கிணற்றடிக்குத் தனியாகக் கூப்பிட்டேன். இந்த இடத்தைக் கவனித்து வாசியுங்கள். நான் கேட்ட கேள்வி இதுதான்:

"அக்கா, அந்தக் கான் தேங்காயெண்ணெய்க் கான்தானே?"

பாருங்கள் என் கெட்டித்தனத்தை. "அது முந்தி என்னத்தின்ர கான்?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. எனக்கு எந்தப் பதில் வேண்டுமோ அதைக் கேள்விக்குள்ளேயே வைத்து நீட்டினேன். அவர் "ஓம்" என்று தலையாட்டினால் போதும். தேன் தப்பும், கலியாணம் தப்பும், நானும் தப்புவேன். வேறு யாருக்கு அந்தக் கானைத் தெரியும்? இப்படிக் கேட்பது பொய் சொல்லச் சொல்லிக் கொடுப்பதுதான். எந்தக் கடையில், எந்த வீட்டில் நின்றாலும் இதை மட்டும் செய்யாதீர்கள்.

புஷ்பமக்கா என்னைப் பார்த்தார். நான் ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தார். முகம் மெல்ல மெல்ல வெளிறியது.

"இல்லைத் தம்பி. அது புல்லுக்கு அடிக்கிற மருந்துக் கான்."

நான் சட்டைப் பையில் தொலைபேசியைத் தேடினேன்.

"அவர்தான் கழுவினவர். சாம்பல் போட்டு, புளி போட்டு, மண் போட்டு. மூண்டு நாள் வெயில்ல கவிட்டு வைச்சது. அந்த நேரம் வேற ஒண்டும் கிடைக்கயில்லை. ஐயோ தம்பி, சம்மந்தியம்மாவும் நக்கினவா."

பதினாறு வருஷம் தேடிய தேன். அந்த ஒரு வசனத்தோடு அதைக் கைவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. நான் அங்கேயே நின்று எங்கள் பகுதிச் சுகாதார அதிகாரியான எம்.ஓ.எச். டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் என் மகளின் வயதுப் பிள்ளை.

"எத்தினை பேர் நக்கினவை?"

"ஒன்பது பேர் டொக்டர்."

"நீங்களுமோ?"

"நான்தான் முதல்."

"எல்லாரையும் ஏத்திக்கொண்டு உடனே ஆசுப்பத்திரிக்கு வாங்கோ. கானையும் கொண்டு வாங்கோ. ஒருத்தரும் இனித் தொடக் கூடாது" என்றார்.

ரீச்சருக்கு நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். புஷ்பமக்கா விடவில்லை. "நான் குடுத்த தேன். நான்தான் சொல்லவேணும்." செருப்பைக்கூடப் போடாமல் நடந்தார். நானும் ஆறுமுகத்தாரும் பின்னால். ரீச்சர் முற்றத்தில் தலை துவட்டிக்கொண்டு நின்றார். படலையில் நின்றபடியே புஷ்பமக்கா சொன்னார்: "சம்மந்தியம்மா, நேற்று உங்களுக்குத் தந்த தேன் மருந்துக் கான்ல இருந்தது. எனக்கு நினைவில்லாமல் போச்சு. உங்களிட்டை மறைச்சு வைக்க எனக்கு மனம் இல்லை. ஆசுப்பத்திரிக்குப் போவம், வாங்கோ."

ரீச்சர் துவாயைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. கலியாணம் நின்றுவிட்டது என்றே மூன்று பேரும் நினைத்தோம். ஆறுமுகத்தார் வேலியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ரீச்சர் வேறு சீலை உடுத்து, கைப்பையோடு வெளியே வந்தார். "போவம்" என்றார். அவ்வளவுதான்.

பந்தல் சாமான் ஏற்றிவந்த லான்ட்மாஸ்டரில், சின்ன உழவு இயந்திரமும் பின்னால் பெட்டியும், ஒன்பது பேரும் ஏறினோம். ஓட்டினவரும் நக்கினவர்தான். அதனால் வழி நெடுக ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் திரும்பி, "எல்லாரும் உயிரோடதானே இருக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தன் நாக்கை நீட்டி எல்லோருக்கும் காட்டி நிறம் மாறியிருக்கிறதா என்று விசாரித்தார். சந்தியில் நின்ற சனம், கலியாணத்துக்கு முந்தியே மாப்பிள்ளை பகுதிக்கு ஊர்வலமோ என்று கேட்டது. ரீச்சரும் புஷ்பமக்காவும் பக்கத்துப் பக்கத்தில், வேறு இடமில்லாமல். இருவரும் நேரே பார்த்துக்கொண்டு.

ஆசுப்பத்திரியில் டொக்டர் எங்களை ஒரு வாங்கில் வரிசையாக இருத்தினார். இரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டார். "தொண்டை எரியுதோ? வாய் புண்ணோ? எவ்வளவு சாப்பிட்டனீங்கள்?"

"ஒரு விரல்." "ஒரு விரல்." "ரெண்டு விரல்" என்றது நான். டொக்டர் என்னை முறைத்த முறைப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

ரீச்சரின் முறை வந்தது. "ஒரு விரல்தானே அம்மா?" என்று டொக்டர் கேட்டார். பார்த்தீர்களா, டொக்டரும் நான் கேட்ட மாதிரித்தான் கேட்டார்.

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார்.

"ரெண்டு துண்டு பாண்."

"என்னம்மா?"

"நேற்று எல்லாரும் தேத்தண்ணி குடிக்கக் குசினிப் பக்கம் போகேக்க, நான் திரும்பிப் போய் ரெண்டு துண்டு பாணுக்குப் பூசிச் சாப்பிட்டனான். வடிவாய்ப் பூசி."

ரீச்சர் டொக்டரைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் கை புஷ்பமக்காவின் பக்கம் காட்டியது.

"நான் சொல்லாமல் விட்டிருப்பன் பிள்ளை. கெடுமெண்டு சண்டை பிடிச்சதே நான். என்ர மானம் என்னாகிறது? ஆனால் இண்டைக்குக் காலமை இவா படலையில வந்து நிண்டு சொன்னதைக் கேட்ட பிறகு, எனக்கு ஒளிக்க ஏலாமல் கிடக்கு."

அப்போது வாங்கின் கடைசியில் இருந்து ஆறுமுகத்தாரின் குரல் வந்தது. அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "அப்ப தேன் நல்லாத்தான் இருந்திருக்கு!"

முதலில் சிரித்தது ரீச்சர்தான். பிறகு புஷ்பமக்கா வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு ஒன்பது பேரும். தாதிமார் எட்டிப் பார்த்தார்கள். நஞ்சுக் கேஸ் என்று வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் தாதிமார் என்ன நினைப்பார்கள்? ஒருவர் ஓடியே வந்துவிட்டார்.

எட்டுப் பேரை அன்று பின்னேரமே வீட்டுக்கு விட்டார்கள், மறுநாளும் வந்து காட்டச் சொல்லி. இரண்டு துண்டுப் பாண்காரியை மட்டும் விடுதியில் மறித்து வைத்தார்கள். கலியாண வீட்டில் தலைக்குமேல் வேலை இருக்க, புஷ்பமக்கா ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சம்மந்தியின் கட்டிலடியில் இருந்துவிட்டார். புதன்கிழமை நான் பார்க்கப் போனபோது, எத்தனை தட்டுப் பலகாரம், யாரை எங்கே இருத்துவது என்று இருவரும் ஒரே கட்டிலில் இருந்து திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ரீச்சர், "வாங்கோ உத்தரவாதம்" என்றார். அன்றிலிருந்து ஸ்கந்தபுரத்தில் என் பெயர் மாறிவிட்டது. இரத்தச் சோதனை எல்லாம் சுத்தம். வியாழன் காலை ரீச்சரையும் வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டி அனுப்பினார்கள்.

தேனை நாங்கள் காப்பாற்றவில்லை. கானில் என்ன மிச்சம் இருந்தது, இருந்ததா என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. கொழும்புக்கு மாதிரி அனுப்பினால் பதில் வர முந்தி நிலானிக்குப் பிள்ளையே பிறந்துவிடும். தெரியாததை நல்லது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒருதரம் சொல்லிப் பட்டது போதும். டொக்டர் கானைத் திருப்பித் தந்ததும் கிணற்றுக்கு எட்டத்தில் குழி வெட்டினோம். ஆறுமுகத்தார் தானே ஊற்றுவேன் என்றார். தேன் இறங்க நேரம் எடுத்தது. நிலானி தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா, நீங்கள் எனக்கெண்டு ஏறி எடுத்தனீங்கள். அது எனக்குக் கிடைச்சாச்சு" என்றாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிறகு கானை வெட்டிக் குழிக்குள் போட்டு மூடினோம்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம் நன்றாக நடந்தது. பால்பழத்துக்குப் பரலில் கிடந்த சீனிக்கட்டியை ஆறுமுகத்தார் சுத்தியலால் உடைத்துப் போட்டார். இந்த முறை சீனி சுற்றியிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்துப் பார்த்து, "இது எங்கேயிருந்து வந்த பை?" என்று கேட்டு, சங்கக்கடையில் சீனியோடு வாங்கிய பைதான் என்று அறிந்த பிறகே விட்டேன். புளி இருந்த முட்டியையும் அப்படித்தான். குயவரிடம் புதிதாக வாங்கிய முட்டி. அந்தப் புளியில்தான் இரசம் வைத்தார்கள், புஷ்பமக்காவின் கையால்.

பந்தியில் என்னை ரீச்சருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார்கள். சோறு வந்தது, கறிகள் வந்தன. கடைசியில் புஷ்பமக்காவே இரச வாளியோடு வரிசையில் வந்தார். எங்கள் இலைக்கு முன்னால் நின்றதும் அவர் கை கொஞ்சம் தயங்கியது. "சம்மந்தியம்மா, இது பரல் புளியில வைச்சது" என்றார்.

நான் அவசர அவசரமாகக் குனிந்து, "ரீச்சர், நான் முட்டியைப் பார்த்தனான், மண்முட்டி, புதுசாய் வாங்கினது, வடிவாய்க் கேட்டு விசாரிச்சுத்தான்…" என்று தொடங்கினேன்.

ரீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்கள் சாப்பிடுங்கோ ஐயா. வைச்சது ஆரெண்டு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, இரண்டு கையையும் குவித்து இரசத்துக்கு நீட்டினார்.